இசிவி கணக்குக்கு எந்த ஹிமாட்டோக்ரிட்? ஒரே பேஷண்டுக்கு ஐந்து விடை வருகிறது

காந்தக்கூடம் கேட்டது:

வணக்கம். இதய எம்ஆர்ஐ பார்க்கிறவர்களுக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு கேள்வி. இசிவி என்பது இதயத் தசையில் செல்களுக்கு வெளியே உள்ள இடத்தின் பங்கு; அதன் கணக்குக்கு ஹிமாட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு (லேப் ரிப்போர்ட்டில் பிசிவி), வேண்டும்.

1.5 டெஸ்லா மெஷின். டி1 மேப்புக்கு (காந்தத் தளர்வு நேரமான டி1-ஐ இடத்துக்கு இடம் காட்டும் படம்) மோலி என்ற சீக்வென்ஸ்: ஊசிக்கு முன் 5(3)3, ஊசிக்குப் பின் 4(1)3(1)2. காடோலினியம் (கான்ட்ராஸ்ட் மருந்து) கிலோவுக்கு 0.15 மில்லிமோல், போட்டு 15ஆவது நிமிடத்தில் பின் மேப். பேஷண்டுக்கு 61 வயது, ஆண், இடது கீழறைச் சுவர் 15 மி.மீ. தடிப்பு. அமிலாய்டு (தசையில் படியும் ஒருவகைப் புரதம்) இருக்குமோ என்று அனுப்பியிருக்கிறார்கள்.

அளவுகள்: நடுச்சுவர்த் தசையின் டி1 ஊசிக்கு முன் 1040 மில்லிசெகண்ட், பின் 430. இடது கீழறை ரத்தம் முன் 1800, பின் 310.

சிக்கல் ஹிமாட்டோக்ரிட்டில். கன்சோலில் யாரும் எதுவும் போடவில்லை. அது தானாக 0.45 எடுத்துக்கொண்டு மேப் போட்டுவிட்டது, இசிவி 28.1%. கேஸ் ஷீட்டில் மூன்று வாரப் பழைய ரிப்போர்ட்டில் பிசிவி 36. அதைப் போட்டால் 32.7. இடையில் மலத்தில் ரத்தம் போயிருக்கிறது. ஸ்கேன் அன்று காலை எடுத்ததில் ஹீமோகுளோபின் 9.3, பிசிவி 31, அதற்கு 35.3. ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கும் பழக்கத்தில் 27.9 என்று வைத்தால் 36.8. ரத்தத்தின் டி1-லிருந்தே ஹிமாட்டோக்ரிட்டைக் கணக்கிடும் செயற்கை முறையில் 0.358 வருகிறது, இசிவி 32.8.

28-லிருந்து 37 வரை. தசை ஒன்றுதான், படமும் ஒன்றுதான். எதை ரிப்போர்ட்டில் எழுதுவது? எழுதிய பிறகு எதைச் சரிபார்ப்பது?

---

நடுச்சுவர் எழுதியது:

35.3 எழுதுங்கள். பக்கத்திலேயே ஹிமாட்டோக்ரிட் 0.31 என்றும், ரத்தம் எடுத்த தேதி, நேரமும் எழுதுங்கள். மற்ற நான்கும் ஏன் தள்ளிப் போகின்றன என்று பார்த்துவிட்டால் அடுத்த கேஸில் இந்தக் குழப்பம் வராது.

காடோலினியம் செல்லுக்குள் போகாது. தசையில் செல்களுக்கு இடையிலுள்ள இடத்தில் நிற்கும். ரத்தத்தில் சிவப்பணுவுக்குள் நுழையாமல் பிளாஸ்மாவில் மட்டும் நிற்கும். நமக்கு ஒப்பீட்டுக்கு அளவுகோலாக இருப்பது இடது கீழறை ரத்தம். அந்த ரத்தத்தில் காடோலினியத்துக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று தெரிந்தால்தான் தசையில் எவ்வளவு இடம் என்று சொல்ல முடியும். ரத்தத்தில் அந்த இடம்தான் 1 − ஹிமாட்டோக்ரிட். ஆகவே:

இசிவி = (1 − ஹிமாட்டோக்ரிட்) × (தசையின் ஆர்1 மாற்றம் ÷ ரத்தத்தின் ஆர்1 மாற்றம்)

ஆர்1 என்பது 1 ÷ டி1, டி1-ஐ செகண்டில் வைத்து. உங்கள் கேஸில் தசை: 2.326 − 0.962 = 1.364. ரத்தம்: 3.226 − 0.556 = 2.670. விகிதம் 0.511. இதைத்தான் லாம்டா என்கிறோம். எம்ஆர்ஐ மெஷின் அளந்து கொடுப்பது இதோடு முடிகிறது. மீதிப் பாதி லேபிலிருந்து வருகிறது. டி1-க்கு இவ்வளவு மெனக்கெட்டு மூச்சுப் பிடிக்கச் சொல்லி, அசைவைத் திருத்தி, நடுச்சுவரின் நடு மூன்றில் ஒரு பங்கில் ஆர்ஓஐ (அளவெடுக்கும் வட்டம்) வைத்துவிட்டு, ஹிமாட்டோக்ரிட்டுக்கு மட்டும் மெஷின் தந்த எண்ணை அப்படியே விடுவது பெரிய அநியாயம்.

பிழையின் அளவும் லாம்டாவில்தான் இருக்கிறது. ஹிமாட்டோக்ரிட் ஒரு புள்ளி தவறினால் இசிவி லாம்டா அளவுக்குத் தவறும். ஆரோக்கியமான தசையில் லாம்டா 0.45 என்றால் ஒரு புள்ளிக்கு அரைப் புள்ளிகூட இல்லை. உங்கள் கேஸில் 0.51. அமிலாய்டு முற்றி லாம்டா 0.8 ஆனவர்களுக்கு ஒரு புள்ளிக்கு 0.8. ஆனால் அவர்களுக்கு இசிவி எப்படியும் 45, 50 என்று நிற்கும். இரண்டு புள்ளி போனாலும் முடிவு மாறாது. அடிபடுவது நடுவில் இருக்கிறவர்கள்தான். 1.5 டெஸ்லாவில் இயல்பு 25-ஐ ஒட்டி இருக்கும். 40-ஐத் தாண்டினால் அமிலாய்டு பக்கம் பலமாகச் சாயும். உங்கள் பேஷண்ட் சரியாக இந்த இடைவெளியில் நிற்கிறார். 28.1 என்று போயிருந்தால் படிக்கிற கார்டியாலஜிஸ்ட் 'கொஞ்சம் கூடுதல், ரத்த அழுத்தத்தால் இருக்கலாம்' என்று மூடிவிடுவார். 35 என்றால் சீரம் ஃப்ரீ லைட் செயின், ரத்தத்திலும் சிறுநீரிலும் இம்யூனோஃபிக்ஸேஷன், எலும்பு சிண்டிகிராஃபி என்று அமிலாய்டைத் தேடும் அடுத்த படிக்குப் போவார். 40-ஐத் தொடாததால் அமிலாய்டு இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்க்கலாம். டி2 மேப்பில் நீர்க்கோர்ப்பு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் இசிவியை ஏற்றும்.

இனி சரிபார்ப்பு. இது பத்து செகண்ட் வேலை, ஒவ்வொரு கேஸிலும் செய்யுங்கள். டி1 மேப்பை விடுங்கள், இசிவி மேப்பைத் திறந்து இடது கீழறையின் நடுவில், பேப்பில்லரி தசை (அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தசை) தொடாமல் ஒரு வட்டம் வையுங்கள். சூத்திரத்தில் தசைக்குப் பதில் ரத்தத்தையே வைத்தால் விகிதம் 1 ஆகிவிடும். எனவே அங்கே காட்டும் எண் 1 − ஹிமாட்டோக்ரிட் மட்டும்தான். உங்கள் மேப்பில் 55 காட்டும்: 0.45 போட்டிருக்கிறது என்று அர்த்தம். 69 காட்டினால் 0.31 உள்ளே போயிருக்கிறது. 99.7 காட்டினால் வேறு விபத்து: சதவீதம் கேட்ட இடத்தில் யாரோ 0.31 என்று தட்டியிருக்கிறார்கள், மெஷின் அதை 0.31 சதவீதம் என்று எடுத்துக்கொண்டது. அப்போது உங்கள் பேஷண்டின் தசை 50.9% காட்டும். முற்றிய அமிலாய்டு மாதிரியே இருக்கும், மேப்பும் அழகாகச் சிவந்து வரும். ரத்தத்தில் வட்டம் வைக்காதவர் கண்டுபிடிக்க வழியே இல்லை. மாறாக, பின்னம் கேட்ட இடத்தில் 31 என்று தட்டினால் மைனஸில் போய் மேப்பே கறுத்துவிடும். அந்தத் தவறு தானே காட்டிக்கொடுத்துவிடும்.

தவறான எண்ணில் மேப் போய்விட்டால் ஸ்கேனைத் திரும்பச் செய்ய வேண்டாம், மேப்பையும் திரும்பப் போட வேண்டாம். சரியான இசிவி = பழைய இசிவி × (1 − சரியான ஹிமாட்டோக்ரிட்) ÷ (1 − போட்ட ஹிமாட்டோக்ரிட்). உங்களுக்கு 28.1 × 0.69 ÷ 0.55 = 35.3. ஒவ்வொரு பிக்ஸலுக்கும் இதே பெருக்கல்தான். பதினாறு பகுதிகளுக்கும் ஒரே எண்ணால் பெருக்கினால் போதும்.

---

ஊதாமூடி எழுதியது:

லேப் பக்கத்திலிருந்து. 'ஸ்கேன் அன்று காலை எடுத்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது எந்த நிலையில் எடுத்தது என்று பாருங்கள், அதிலும் ஒன்றிரண்டு புள்ளி ஒளிந்திருக்கும்.

நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் எடுத்த ரத்தமும், படுத்து அரை மணி ஆனவரிடம் எடுத்த ரத்தமும் ஒன்றாக இருக்காது. படுத்ததும் காலில் தேங்கிய திரவம் ரத்தக் குழாய்க்குள் திரும்பும், பிளாஸ்மா கூடும், ஹிமாட்டோக்ரிட் 20 - 30 நிமிடத்தில் 2 முதல் 4 புள்ளி வரை இறங்கும். உங்கள் பின் மேப் எடுக்கும்போது பேஷண்ட் மெஷினுக்குள் படுத்து நாற்பது நிமிடமாவது ஆகியிருக்கும். கணக்குக்கு வேண்டியது அந்த நேரத்து ரத்தம். ஆகவே காடோலினியத்துக்கு கேனுலா போடும்போதே எடுப்பதுதான் சிறந்தது, அதுவும் பேஷண்டை முதலில் படுக்கவைத்து, சம்மதப் படிவம், உலோகக் கேள்விகள் எல்லாம் படுத்த நிலையிலேயே கேட்டு முடித்து, கால் மணியாவது கழித்து. இன்னொரு குத்தும் தேவையில்லை.

கேனுலாவில் எடுக்கும்போது ஒரே ஒரு விதி: சலைன் தள்ளுவதற்கு முன் எடுக்க வேண்டும். முதலில் சலைன் தள்ளிவிட்டீர்களா, குழாயில் இருப்பது தண்ணீர் கலந்த ரத்தம். 3 - 5 மில்லி இழுத்துக் கொட்டிவிட்டு அடுத்ததை டியூபில் விடுங்கள். டிரிப் ஓடும் கையில் எடுக்கவே கூடாது. சலைன் கலந்த சாம்பிளில் ஹிமாட்டோக்ரிட் குறையும், இசிவி ஏறும். அதாவது நோய் இல்லாத இடத்தில் நோய் காட்டும் பக்கமாகத் தவறும். அதே சாம்பிளில் வெள்ளணு, பிளேட்லெட் எல்லாம் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

டூர்னிக்கே ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகியிருந்தால் எதிர்ப்பக்கம்: பிளாஸ்மா வெளியே கசிந்து ஹிமாட்டோக்ரிட் கூடும். கையை மூடித் திறக்கச் சொல்வதும் வேண்டாம்.

டியூப் ஊதா மூடி, ஈடிடிஏ. 2 மில்லி டியூபில் கோடு வரை நிரப்புங்கள், எட்டு பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அரை மில்லி மட்டும் விட்டால் ஈடிடிஏ மிஞ்சி சிவப்பணு சுருங்கும். கண்ணாடிக் குழாயில் சுழற்றி அளக்கும் லேபில் பிசிவி குறைந்து வரும். தானியங்கி அனலைசரில் திரவத்தில் கரைத்து அளப்பதால் இந்தப் பாதிப்பு அவ்வளவாகத் தெரியாது. சாம்பிளை அறை வெப்பத்தில் ஒரு நாள் வைத்துவிட்டால் சிவப்பணு உப்பும், ஹிமாட்டோக்ரிட் ஏறும். சாயங்கால ஸ்கேன் சாம்பிளை மறுநாள் காலை ஓட்டுவது என்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள், அன்றே ஓட்டினால் இன்னும் நல்லது.

ரிப்போர்ட்டில் பிசிவி என்று அச்சடித்திருந்தாலும் பெரும்பாலான லேபில் யாரும் எதையும் சுழற்றுவதில்லை. அனலைசர் சிவப்பணு எண்ணிக்கையையும் ஒரு செல்லின் சராசரிப் பருமனான எம்சிவியையும் பெருக்கிப் போடுகிறது, அல்லது துடிப்பு உயரங்களைக் கூட்டிப் போடுகிறது. சுழற்றும் முறையில் சிவப்பணுக்களுக்கு நடுவே கொஞ்சம் பிளாஸ்மா சிக்கிக்கொள்வதால் அது ஒன்று முதல் மூன்று சதவீதம் கூட்டிக் காட்டும். இரும்புச் சத்து குறைந்த ரத்தத்தில் இன்னும் கூடும். எந்த முறை என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேஷண்டைத் தொடர்ந்து பார்க்கும்போது முறை மாறக்கூடாது.

மூன்றால் பெருக்குவதைப் பற்றி: அந்த விதி செல்லில் ஹீமோகுளோபின் அடர்த்தி, அதாவது எம்சிஎச்சி, 33-ஐ ஒட்டி இருந்தால் மட்டும்தான் பலிக்கும். உங்கள் பேஷண்டுக்கு 9.3 ÷ 31 = எம்சிஎச்சி 30. ரத்தம் போய் இரும்பு குறைந்தவருக்கு அப்படித்தான் இருக்கும். மூன்றால் பெருக்கியதில் மூன்று புள்ளி குறைந்துபோனது, இசிவி ஒன்றரைப் புள்ளி ஏறிவிட்டது. ரத்தசோகைக்காரருக்கு அந்தக் குறுக்குவழி வேண்டவே வேண்டாம்.

அனலைசரே தவறும் இரண்டு சந்தர்ப்பங்கள். சர்க்கரை மிக அதிகமாக, 500 - 600 என்று இருந்தால், சிவப்பணுவுக்குள்ளும் சர்க்கரை ஏறியிருக்கும். அனலைசரின் திரவத்துக்குள் போனதும் தண்ணீரை உறிஞ்சி உப்பும், எம்சிவியும் ஹிமாட்டோக்ரிட்டும் பொய்யாக ஏறும். குளிரில் சிவப்பணு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி இருந்தால் எண்ணிக்கை சரிந்து, எம்சிவி ஏறி, ஹிமாட்டோக்ரிட் பொய்யாகக் குறையும், எம்சிஎச்சி நம்ப முடியாத உயரத்துக்குப் போகும். டியூபை 37 டிகிரியில் சூடாக்கித் திரும்ப ஓட்டினால் சரியாகும். இதனால்தான் ஹிமாட்டோக்ரிட்டை மட்டும் குறித்துக்கொள்ளாமல் எம்சிவி, எம்சிஎச்சி இரண்டையும் ஒரு பார்வை பாருங்கள் என்கிறேன்.

கொசுறாக ஒன்று: ரத்தத்தைக் காடோலினியத்துக்கு முன் எடுப்பதில் வேறு லாபமும் உண்டு. காடோடையமைடு மாதிரி சில நேர்ச்சங்கிலி மருந்துகள் சீரம் கால்சியத்தை நிறமாற்ற முறையில் அளக்கும்போது பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஸ்கேன் முடிந்த கையோடு எடுத்த ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கிறது என்று யாராவது பதறி ஊசி போடும் நிலை வராது.

---

காந்தக்கூடம் எழுதியது:

மிக்க நன்றி. இடது கீழறையில் வட்டம் வைத்தேன், 55 தான் காட்டியது. எளிய வழி, இவ்வளவு நாள் தோன்றவில்லை.

காலை ரத்தம் கேனுலா போடும்போது எடுத்ததுதான், பேஷண்ட் தள்ளுவண்டியில் படுத்திருந்தார், சலைனுக்கு முன். எம்சிஎச்சி 30 என்று ரிப்போர்ட்டிலும் இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். செயற்கை முறையில் லேபே வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம், மேப்பும் அங்கேயே வந்துவிடும். அது 32.8, லேப் 35.3. இரண்டரைப் புள்ளி வித்தியாசம். அந்த முறையே தவறா, இந்தப் பேஷண்டுக்கு மட்டும் தவறா? லேப் தாமதமாகும் இடங்களில் பிளட் கேஸ் மெஷினில் வரும் ஹிமாட்டோக்ரிட்டைப் போடலாமா?

---

தளர்வுநேரம் எழுதியது:

முறை தவறல்ல, இந்தப் பேஷண்ட் மாதிரி ஆட்களிடம் அது தவறும் விதம் முன்கூட்டியே தெரிந்ததுதான்.

சிவப்பணு கூடினால் ரத்தத்தின் டி1 குறையும். 1 ÷ டி1-ஐயும் ஹிமாட்டோக்ரிட்டையும் வரைபடத்தில் போட்டால் கிட்டத்தட்ட நேர்க்கோடு. 2016-இல் லண்டன் குழு ஒன்று 1.5 டெஸ்லா, மோலிக்கு வெளியிட்ட கோடு: ஹிமாட்டோக்ரிட் = 866.0 ÷ ரத்தத்தின் டி1 − 0.1232, டி1 மில்லிசெகண்டில். உங்கள் 1800-ஐப் போட்டால் 0.481 − 0.123 = 0.358, நீங்கள் சொன்ன அதே எண். ஷார்ட் மோலிக்கு அவர்களே வேறு மாறிலிகள் கொடுத்தார்கள். ஒரே மெஷினில் வேறு சீக்வென்ஸ் என்றாலே கோடு மாறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

புள்ளிகள் கோட்டின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை, இருபுறமும் சிதறிக் கிடக்கின்றன. சிதறிய புள்ளிகளுக்கு நடுவே போடும் கோடு எப்போதும் சராசரியை நோக்கி இழுக்கும். ரத்தசோகை உள்ளவருக்கு ஹிமாட்டோக்ரிட்டைக் கூட்டிச் சொல்லும், பிறவி இதயக் கோளாறால் நீலம் பாய்ந்து 60 ஏறியவருக்குக் குறைத்துச் சொல்லும். உங்கள் 0.31 அங்கே 0.358 ஆனது அப்படித்தான். அதாவது ஹிமாட்டோக்ரிட் இயல்பாக இருக்கும்போது செயற்கை முறை நன்றாக வேலை செய்யும்; அளந்தே ஆக வேண்டிய பேஷண்டிடம் கைவிடும். அது மட்டுமல்ல, ரத்தத்தின் டி1-ஐ மாற்றுவது சிவப்பணு மட்டும் இல்லை. பிளாஸ்மாவின் புரதம், இரும்பு, ரத்தம் பாயும் வேகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கை வைக்கும்.

எவ்வளவு நுணுக்கமாக அளக்க வேண்டும் என்று பாருங்கள்: 1600-ஐ ஒட்டி 50 மில்லிசெகண்ட் பிசகினால் ஹிமாட்டோக்ரிட் 1.6 புள்ளி போகும். ஆர்ஓஐ ஓரத்தில் பேப்பில்லரி தசையோ டிரபெக்குலாவோ சேர்ந்தால் 50 சுலபமாகப் போய்விடும். தசைக்கு எந்த ஸ்லைஸோ, ரத்தத்துக்கும் அதே ஸ்லைஸ். இடது கீழறை மட்டும்.

பலரும் கவனிக்காதது இது. செயற்கை முறையில் ஊசிக்கு முந்தைய ரத்த டி1 கணக்குக்குள் இரண்டு தடவை வருகிறது, ஒருமுறை லாம்டாவில், ஒருமுறை ஹிமாட்டோக்ரிட்டில். உங்கள் 1800 தவறுதலாக 1700 என்று அளந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். லேப் ஹிமாட்டோக்ரிட் 0.31 கையில் இருந்தால் இசிவி 35.3-லிருந்து 35.7 ஆகும், 0.4 புள்ளிதான். செயற்கை முறையில் ஹிமாட்டோக்ரிட்டே 0.386 ஆகி, இசிவி 32.8-லிருந்து 31.7-க்கு இறங்கும். அதே அளவுப் பிழை, எதிர்த் திசையில், இரண்டரை மடங்கு.

3 டெஸ்லாவில் இந்தச் சூத்திரத்தைத் தொடவே கூடாது. அங்கே ரத்தத்தின் டி1 இயற்கையாகவே நீளம். 44 ஹிமாட்டோக்ரிட் உள்ளவருக்கு 1850 வந்தால் இந்தக் கோடு 0.345 என்று சொல்லும், பத்துப் புள்ளி பிழை. உங்கள் மெஷின், உங்கள் சீக்வென்ஸ், உங்கள் சாஃப்ட்வேர் வெர்ஷன் எதுவோ அதற்கு நீங்களே கோடு போட வேண்டும். லேப் ஹிமாட்டோக்ரிட்டும் ரத்த டி1-ம் சேர்ந்து கிடைக்கும் கேஸ்களை இப்போதிருந்தே ஒரு ஷீட்டில் போட்டுவாருங்கள்; 0.25 முதல் 0.50 வரை எல்லாப் பகுதியிலும் ஆட்கள் இருக்க வேண்டும், நடுவில் மட்டும் குவிந்தால் ஓரங்களில் கோடு பொய் சொல்லும். போட்ட கோட்டை, கோடு போடப் பயன்படாத வேறு பேஷண்டுகளிடம் சோதியுங்கள். மெஷின் அப்கிரேட் ஆனால் மறுபடி முதலிலிருந்து.

பழைய ஸ்கேன்களைத் திரும்பப் பார்க்கும் ஆய்வுக்கும், லேப் சாம்பிள் உறைந்து வீணான நாளுக்கும், காய்ந்த நரம்பில் இன்னொரு குத்து வேண்டாத குழந்தைக்கும் செயற்கை முறை உதவும். குழந்தைகளுக்குப் பெரியவர்களின் கோட்டைப் போட்டால் பிழை கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போது பயன்படுத்தினாலும் ரிப்போர்ட்டில் 'செயற்கை' என்ற சொல் இருக்க வேண்டும். சென்ற வருடம் லேப், இந்த வருடம் செயற்கை என்று கலந்து ஒப்பிடக்கூடாது.

---

ஊதாமூடி எழுதியது:

பிளட் கேஸ் மெஷின் பற்றி: சிலவற்றில் ஹிமாட்டோக்ரிட்டை ரத்தத்தின் மின்கடத்தலிலிருந்து எடுக்கிறார்கள். சிவப்பணு மின்சாரத்தைக் கடத்தாது, பிளாஸ்மா கடத்தும், அதுதான் தத்துவம். புரதமும் கடத்தாது. ஆல்புமின் குறைந்தவருக்கும், சலைன் நிறைய ஏறியவருக்கும் அது ஹிமாட்டோக்ரிட்டை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். அமிலாய்டில் சிறுநீரகமும் பாதித்து புரதம் ஒழுகுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இது சரியாகக் காலை வாரும். இன்னும் சில மெஷின்கள் ஹீமோகுளோபினை ஒளியில் அளந்து ஒரு மாறிலியால் பெருக்கி ஹிமாட்டோக்ரிட் என்று அச்சடிக்கின்றன. அது மூன்றால் பெருக்கும் கதைதான், தசமத்தோடு வருவதால் துல்லியம் போலத் தெரியும். விரலில் குத்தி அளக்கும் சின்னக் கருவிகளில் பலவும் ஹீமோகுளோபின் மட்டுமே அளக்கின்றன.

அவசரத்துக்கு வழி: மேப்பை லாம்டாவோடு நிறுத்திவையுங்கள். அனலைசர் முடிவு மாலையில் வரட்டும், அப்போது பெருக்குங்கள். பேஷண்ட் காத்திருக்க வேண்டியதில்லை, எண் மட்டும்தான் காத்திருக்கிறது.

---

நடுச்சுவர் எழுதியது:

மேலே சொன்னதை ஒட்டி, ஹிமாட்டோக்ரிட் மணிக்கணக்கில் மாறும் பேஷண்டுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தம் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். வார்டில் இருப்பவர்களுக்கு அந்த வரம்பு பெரிது.

ஃப்ரூசமைடு ஊசியில் இரண்டு மூன்று லிட்டர் நீர் பிரியும் இதயச் செயலிழப்பு பேஷண்ட்: நேற்றைய ஹிமாட்டோக்ரிட் இன்று இல்லை, ரத்தம் கெட்டிப்பட்டிருக்கும். ரத்தம் ஏற்றியவர்: தலசீமியா பேஷண்ட் ஒருவருக்கு ஏற்றுவதற்கு முன் 29, ஏற்றிய பிறகு 39 என்று வையுங்கள். லாம்டா 0.45. முன் எடுத்த ரத்தத்தை வைத்து, ஏற்றிய பின் எடுத்த ஸ்கேனைக் கணக்கிட்டால் 32; உண்மை 27.5. இல்லாத ஃபைப்ரோசிஸை (நார்த்திசுப் படிவை) நாமே உண்டாக்கிவிடுகிறோம். தலசீமியாவில் முதல் கேள்வி எப்படியும் இரும்புதான், அதற்கு டி2 ஸ்டார் (இரும்பு இருந்தால் குறையும் இன்னொரு தளர்வு நேரம்) போதும், ஊசி வேண்டாம்: 1.5 டெஸ்லாவில் நடுச்சுவர் 20 மில்லிசெகண்டுக்குக் கீழ் என்றால் இதயத்தில் இரும்பு, 10-க்குக் கீழ் என்றால் ஆபத்தான அளவு. ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) அளவைப் பார்த்து டி2 ஸ்டாரை ஊகிக்கக்கூடாது. ஃபெரிட்டின் குறைந்திருந்தும் இதயத்தில் இரும்பு இருக்கலாம். ஊசிக்கு முந்தைய தசை டி1-ஐ இரும்பு குறைக்கும், ஃபைப்ரோசிஸ் கூட்டும். இரண்டும் சேர்ந்து இருக்கிறவருக்கு டி1 இயல்பு போலவே தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

---

காந்தக்கூடம் எழுதியது:

கடைசியாக ஒன்று. இதே பேஷண்டுக்கு 14 மாதம் முன்பு இதே மெஷினில் ஒரு ஸ்கேன் இருக்கிறது. அதே மருந்து, அதே அளவு, அதே சீக்வென்ஸ், 15 நிமிடம். ரிப்போர்ட்டில் இசிவி 27.0. ஹிமாட்டோக்ரிட் எழுதவில்லை. இப்போது பழைய மேப்பில் ரத்தத்தில் வட்டம் வைத்தேன், அதுவும் 55. அந்த வாரத்து ரிப்போர்ட்டில் பிசிவி 40, எம்சிஎச்சி 33. இதை வைத்து ஒப்பிடலாமா?

---

நடுச்சுவர் எழுதியது:

ஒப்பிடலாம். 27.0 ÷ 0.55 = லாம்டா 0.491. அதை 0.60-ஆல் பெருக்கினால் 29.5. அப்போது ரத்தம் போகவில்லை, எம்சிஎச்சியும் இயல்பு, எனவே ஒரு வாரத்துக்குள் எடுத்த 40-ஐ ஓரளவு நம்பலாம். அதிலும் இரண்டு புள்ளி தவறு என்றே வையுங்கள், இசிவி ஒரு புள்ளிதான் அசையும்: 28.5 முதல் 30.5.

தானாக விழுந்த 0.45-இல் இரண்டு ஸ்கேனும் 27.0, 28.1: அசையாத நோய். உண்மையான ஹிமாட்டோக்ரிட்டில் 29.5, 35.3. லாம்டா கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது, 0.491-லிருந்து 0.511, மீதி ஏற்றம் முழுவதும் ஹிமாட்டோக்ரிட் 40-லிருந்து 31-க்கு இறங்கியதில் இருக்கிறது. சிவப்பணு குறைந்து பிளாஸ்மா கூடியபோது, தசைக்குள் எதுவும் மாறாமல் இருந்திருந்தால் லாம்டா 0.43-ஐ ஒட்டி இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் ஏறியிருக்கிறது. அதனால் ஏற்றத்தை உண்மை என்றே எடுத்துக்கொள்வேன். ஆனாலும் இரண்டு ஸ்கேனின் ஆர்ஓஐயையும் ஒரே ஆள் ஒரே ஸ்லைஸில் மறுபடி வரைந்து பார்த்துவிடுங்கள், லாம்டாவின் 0.02 என்பது ஆர்ஓஐ நகர்ந்தாலே வரும் அளவு.

ரிப்போர்ட்டில் இப்படி எழுதலாம்: 'நடுச்சுவர் இசிவி 35.3%, லாம்டா 0.511, ஹிமாட்டோக்ரிட் 0.31, அனலைசர், ஸ்கேன் அன்று படுத்த நிலையில் கேனுலாவில் எடுத்தது. முந்தைய ஸ்கேன் அந்த வாரத்து ஹிமாட்டோக்ரிட் 0.40 கொண்டு திரும்பக் கணக்கிடப்பட்டது: 29.5%, முன்பு எழுதிய 27.0% மெஷினின் இயல்பு எண் 0.45-இல் வந்தது.' பழைய ரிப்போர்ட்டுக்கும் ஒரு திருத்தக் குறிப்பு போட்டு அனுப்பிவிடுங்கள், வார்டு ஃபைலில் இன்னும் 27.0 தான் இருக்கும். மெஷின் சர்வீஸ் ஆள் அடுத்த முறை வரும்போது, ஹிமாட்டோக்ரிட் கட்டத்தைக் காலியாக விட்டால் மேப் போடாமல் நிற்கும்படி செட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இயல்பு எண்ணை 0-க்கு மாற்றச் சொல்லுங்கள். யாராவது மறந்தால் ரத்தம் 100 காட்டும், உடனே கண்ணில் படும்.